பழைய கார்டு, பழைய விண்டோஸ், புது மதர்போர்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு முன் வாங்கிய அளவீட்டுக் கருவி இன்னும் துல்லியமாக இருக்கிறது, அதோடு பேசும் பிசிஐ கார்டும் (மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் பழைய வகைக் கார்டு) நன்றாக இருக்கிறது, போனது கம்ப்யூட்டர் மட்டும்தான். அல்லது பழைய கணக்கு மென்பொருள் ஒன்று, அதை எழுதியவர் எங்கே என்றே தெரியாது, ஆனால் அதற்குள் இருக்கும் தரவு வேண்டும். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் மதர்போர்டு தேடும்போது கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நன்றாக வேலை செய்கிற பொருளைத் தூக்கிப் போடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால் முடிந்தவரை அதைக் காப்பாற்றுகிற பக்கம் நின்றே பதில் சொல்கிறேன்.

இன்று கடையில் கிடைக்கும் மதர்போர்டில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுமா, ஓடாதா?

இதற்கு ஒரே சொல்லில் பதில் சொன்னால் அது பொய்யாகிவிடும். எக்ஸ்பி எதற்காக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு குறிப்பிட்ட கார்டுக்காகவா, ஒரு மென்பொருளுக்காகவா, பழைய விளையாட்டுக்காகவா? மென்பொருள் மட்டும் என்றால் பெரும்பாலும் புது மதர்போர்டே தேவையில்லை, மெய்நிகர் கணினியில், அதாவது இன்றைய கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினியில், வேலை முடிந்துவிடும். கார்டுக்காக என்றால் அந்தக் கார்டு செருகும் ஸ்லாட்தான் முதல் கேள்வி, எக்ஸ்பி இரண்டாவது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் போர்டை வாங்கிவிட்டு அப்புறம் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுகிறார்கள்.

புது பிராசஸர்கள் பழைய இயங்குதளங்களை ஏற்காமல் போனதுதானே காரணம்?

இல்லை, பிராசஸர் மேல் பழி போட வேண்டாம். இன்று வரும் இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களும் பவர் கொடுத்தவுடன் பழைய 16 பிட் ரியல் மோடில்தான் எழுகின்றன. அதை நீக்கிவிடலாம் என்று இன்டெல் 2023 மே மாதம் எக்ஸ்86எஸ் என்ற திட்டத்தை அறிவித்தது, 2024 டிசம்பரில் அதைக் கைவிட்டது. ஆக பழைய கட்டளைகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன.

உண்மையில் அறுபட்டது பிராசஸரைச் சுற்றியுள்ள மூன்று விஷயங்கள். கணினியைத் தொடக்கி வைக்கும் பழைய மென்பொருளான பயோஸின் சேவைகள் போய், அதன் இடத்தில் யுஇஎஃப்ஐ வந்தது. பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்செட்டிலிருந்து பழைய பாதைகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. டிரைவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் பிரச்சினை இந்த மூன்றில் எதில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

சிஎஸ்எம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

யுஇஎஃப்ஐக்குள் பழைய பயோஸ் போல நடந்துகொள்ளும் ஒரு பகுதி. டாஸ், விண்டோஸ் 98, எக்ஸ்பி போன்றவை திரையில் எழுதுவதற்கும் டிஸ்க்கைப் படிப்பதற்கும் இன்டரப்ட் என்ற அழைப்புகள் வழியாக பயோஸைக் கூப்பிடும். சிஎஸ்எம் இருந்தால் அந்த அழைப்புக்கு யாராவது பதில் சொல்வார்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஆளே இல்லை. 2020க்குள் இந்தப் பழைய ஆதரவை நிறுத்துவோம் என்று இன்டெல் 2017லேயே அறிவித்திருந்தது. அப்புறமும் பல போர்டுகளில் அந்தத் தேர்வு தொடர்ந்து வந்தது, குறிப்பாக ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகளில் இது சாதாரணம். ஏஎம்5 போர்டுகளிலும் இன்டெல் 600, 700 சிப்செட் வரிசைகளிலும் சில மாடல்களில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. அதனால் வரிசையின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

சிஎஸ்எம் சுத்தமாக இல்லாத போர்டு ஏற்கெனவே கையில் இருந்தால் சிஎஸ்எம்ராப் என்ற திறந்தமூலத் திட்டம் ஒன்று இருக்கிறது. சீபயோஸ் என்கிற திறந்தமூல பயோஸை ஒரு யுஇஎஃப்ஐ நிரல் வழியாக ஏற்றித் தருகிறது. முயன்று பார்க்கத் தகுந்தது, ஆனால் இதை நம்பி ஒரு போர்டைப் புதிதாக வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

கையேட்டில் சிஎஸ்எம் இருக்கிறது என்று போட்டிருக்கிறது, ஆனால் என் பயோஸில் அந்தத் தேர்வு மங்கலாக இருக்கிறதே?

மானிட்டரை மதர்போர்டின் பின்னாலேயே செருகியிருக்கிறீர்களா? அதுதான் காரணமாக இருக்கும். இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குப் பழைய முறை வீடியோ பயோஸ் கிடையாது, அதனால் 500 வரிசையிலிருந்து உள்ளமை கிராஃபிக்ஸை வைத்துக்கொண்டு சிஎஸ்எம்மை இயக்க விடுவதில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகினால் அந்தத் தேர்வு உயிர் பெறும். அதோடு, கையொப்பமில்லாத தொடக்க நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதியும் சிஎஸ்எம்மும் சேர்ந்து ஓடாது, ஒன்றை அணைத்தால்தான் மற்றது.

அப்படியானால் எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும்?

இயங்குதளத்துக்கு டிரைவர் இருக்கும் கார்டுதான் கணக்கு, வேகம் அப்புறம். எக்ஸ்பி என்றால் என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 960 வரை, ஏஎம்டியில் ரேடியான் எச்டி 7000 வரிசை வரை போகலாம். விண்டோஸ் 7 என்றால் என்விடியாவின் 470 டிரைவர் கிளைதான் கடைசி, அது ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வரை ஏற்கும். 40 வரிசைக்கு விண்டோஸ் 7 டிரைவர் இல்லை. விண்டோஸ் 98 என்றால் ஜிஃபோர்ஸ் 6 வரிசை வரைதான் முறையான டிரைவர். இன்டெல் ஆர்க் கார்டுகளை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம், அவற்றுக்கு சிஎஸ்எம் அணைந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. மிகப் பழைய கார்டுகளில் யுஇஎஃப்ஐக்கான வீடியோ பகுதியே இல்லை. சிஎஸ்எம் அணைந்த போர்டில் அதைச் செருகினால் திரை கருப்பாகவே இருக்கும், கார்டு செத்துவிட்டது என்று நினைத்து நல்ல கார்டைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. தயவுசெய்து வேறொரு பழைய போர்டில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

பிசிஐ ஸ்லாட் உள்ள போர்டு இன்னும் கிடைக்கிறதா?

கிடைக்கிறது, ஆனால் அந்த ஸ்லாட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்டெல் 6 வரிசையில் (2011) வீட்டு உபயோக சிப்செட்களான பி67 (P67), எச்67 ஆகியவற்றிலிருந்து பிசிஐயை எடுத்துவிட்டது, அலுவலகங்களுக்கான க்யூ67, பி65 (B65) போன்றவற்றில் மட்டும் வைத்திருந்தது. 7 வரிசையில் (2012) க்யூ77, க்யூ75, பி75 (B75) ஆகியவற்றில் சிப்செட்டிலேயே பிசிஐ உண்டு. 8 வரிசையோடு அது முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பின் வந்த எந்த போர்டில் பிசிஐ ஸ்லாட்டைப் பார்த்தாலும் அது பிசிஐ எக்ஸ்பிரஸை பிசிஐயாக மாற்றும் ஒரு பிரிட்ஜ் சிப்பின் வேலை.

பிரிட்ஜ் என்றாலே மோசம் என்று அர்த்தமில்லை. நெட்வொர்க் கார்டு, சீரியல் கார்டு, பெரும்பாலான ஒலி கார்டுகள் எல்லாம் பிரிட்ஜ் வழியாக நன்றாகவே ஓடும், ஏனென்றால் இயங்குதளத்தின் பார்வையில் அது இன்னொரு பிசிஐ பஸ்தான். தகராறு வருவது இன்டரப்டை (என்னைக் கவனி என்று கார்டு பிராசஸருக்கு அனுப்பும் சைகையை) ஓயாமல் பயன்படுத்தும் கார்டுகளிலும், நேரம் தவறக் கூடாத அளவீட்டுக் கார்டுகளிலும். நிறைய போர்டுகளில் பயன்பட்ட ஏஎஸ்எம்1083 என்ற பிரிட்ஜ் சிப்பில் இன்டரப்ட் லைனைச் சரியாக விடுவிக்காத பழக்கம் உண்டு என்பது லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு நன்றாகத் தெரியும். யாருமே கேட்காத இன்டரப்ட் என்று கர்னல் புகார் சொல்லிவிட்டு அந்த லைனையே அணைத்துவிடும், கார்டு அதோடு ஊமையாகிவிடும். உங்கள் கார்டு அளவீட்டுக்கானது என்றால் சிப்செட்டிலேயே பிசிஐ உள்ள பி75, க்யூ77 போர்டைத் தேடுங்கள். அது கிடைக்காதபோதுதான் பிரிட்ஜ், அதிலும் எந்த சிப் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் அடாப்டர் வாங்கினால் போதாதா?

போதும், பல நேரம். அதுவும் அதே பிரிட்ஜ் சிப்தான், போர்டில் இருப்பதற்குப் பதிலாகத் தனிப் பலகையில் இருக்கிறது. உயரம் கூடிவிடுவதால் கார்டு கேபினட்டின் பின் தகட்டோடு பொருந்தாது, கேபிள் வைத்த மாடல் என்றால் கார்டை வேறு எங்காவது பிடித்து நிறுத்த வேண்டும். இன்னொன்று, பிசிஐ கார்டின் கீழ் விளிம்பில் உள்ள வெட்டைப் பாருங்கள். 5 வோல்ட் கார்டுக்கும் 3.3 வோல்ட் கார்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், இரண்டு வெட்டும் இருந்தால் இரண்டிலும் ஓடும். சாதாரண மதர்போர்டுகளில் வந்தது 5 வோல்ட் ஸ்லாட்.

ஐஎஸ்ஏ கார்டு வைத்திருக்கிறேன். நம்பிக்கை உண்டா?

உண்டு, ஆனால் வழி குறுகலானது. பிசிஐக்கும் முந்தைய ஸ்லாட் வகையான ஐஎஸ்ஏ 1999, 2000 வாக்கிலேயே வீட்டு போர்டுகளிலிருந்து விடைபெறத் தொடங்கிவிட்டது. தொழிற்சாலைகளுக்கான போர்டுகள் மட்டும் அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஐடி8888 போன்ற பிரிட்ஜ் சிப்களை வைத்து ஐஎஸ்ஏவைக் காப்பாற்றி வந்தன. இன்னொரு வழி, தாய்ப்பலகையில் ஸ்லாட்கள் மட்டும் இருந்து கணினியே ஒரு கார்டாக அதில் செருகப்படும் பிக்எம்ஜி 1.0 வகை அமைப்பு. அதில் ஐஎஸ்ஏவும் பிசிஐயும் சேர்ந்து இருக்கும். பின்னால் வந்த பிக்எம்ஜி 1.3இல் பிசிஐ எக்ஸ்பிரஸும் பிசிஐயும்.

இங்கே ஒரு கேள்வியைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்: உங்கள் கார்டுக்கு டிஎம்ஏ (பிராசஸரின் உதவியின்றி நினைவகத்தோடு நேரடியாகத் தரவு பரிமாறும் வசதி) வேண்டுமா? வெறும் ஐஓ முகவரியும் இன்டரப்டும் மட்டும் பயன்படுத்தும் கார்டு என்றால் பிரிட்ஜ் வழியாக ஓடும் வாய்ப்பு நல்லது. டிஎம்ஏ கேட்கும் கார்டு, உதாரணமாக ஐஎஸ்ஏ சவுண்ட் பிளாஸ்டர், என்றால் போர்டு தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்லாட் இருப்பதும் அதில் டிஎம்ஏ இருப்பதும் ஒன்றல்ல. ஸ்லாட்டை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள்.

எக்ஸ்பிக்கு நீங்களே ஒரு போர்டு சொல்வதானால்?

பி75 அல்லது க்யூ77, இன்டெலின் 3ஆம் தலைமுறையான ஐவி பிரிட்ஜ் பிராசஸரோடு. தயங்காமல் சொல்வேன். எக்ஸ்பிக்கு உள்ளமை கிராஃபிக்ஸ் டிரைவரை இன்டெல் கடைசியாகக் கொடுத்தது இந்தத் தலைமுறைக்குத்தான். சிப்செட்டிலேயே பிசிஐ, சாட்டா என்ற டிஸ்க் இணைப்பைப் பழைய ஐடிஇ முறையில் ஓட்டும் வசதி, எக்ஸ்பிக்குத் தெரிந்த யுஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தி, பல மாடல்களில் சீரியலும் பேரலலும். எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைத்த கடைசிப் பேருந்து அது. யுஎஸ்பி 3.0 கட்டுப்படுத்தியை மட்டும் பயோஸில் அணைத்துவிடுங்கள், அந்த போர்ட்கள் 2.0 ஆக வேலை செய்யும்.

புதிய போர்டுதான் வேண்டும், உத்தரவாதம் வேண்டும், தொழிற்சாலையில் பத்து வருடம் ஓட வேண்டும் என்றால் அது வேறு பாதை, கீழே சொல்கிறேன்.

எக்ஸ்பி நிறுவும்போது நீலத் திரை வருகிறது, 7பி என்றோ ஏ5 என்றோ முடிகிறது.

0x7பி என்றால் எக்ஸ்பியால் ஹார்ட் டிஸ்க்கை அடைய முடியவில்லை. எக்ஸ்பி நிறுவும் வட்டில், சாட்டாவின் புதிய முறையான ஏஹெச்சிஐக்கு டிரைவர் கிடையாது. பயோஸில் சாட்டாவை ஐடிஇ முறைக்கு மாற்றினால் தீர்ந்துவிடும், இன்டெலில் அந்த வசதி 9 வரிசை வரைதான், 2015இல் வந்த 100 வரிசையில் எடுத்துவிட்டார்கள். அதற்கு மேற்பட்ட போர்டு என்றால் என்லைட் போன்ற கருவியால் டிரைவரை நிறுவும் வட்டிலேயே கோத்துவிட வேண்டும்.

0xஏ5 வந்தால் போர்டின் பாகங்களையும் மின் நிர்வாகத்தையும் இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏசிபிஐ அட்டவணை எக்ஸ்பிக்குப் புரியவில்லை. இதற்கு ஆர்வலர்கள் திருத்திய ஏசிபிஐ டிரைவர்கள் உண்டு. வீட்டில் ஆசைக்கு ஓட்டுகிறவர் தாராளமாக முயலலாம். ஒரு இயந்திரத்தை ஓட்டும் கணினியில் யார் திருத்தினார்கள் என்று தெரியாத கர்னல் டிரைவரை ஏற்றுவதற்கு நான் உடன்பட மாட்டேன், அங்கே பி75தான்.

விண்டோஸ் 7 நிறுவும்போது கீபோர்டும் மவுஸும் செத்துப்போகின்றன. பயோஸில் மட்டும் வேலை செய்கின்றனவே?

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009இல், அதற்கு எக்ஸ்ஹெச்சிஐ எனப்படும் யுஎஸ்பி 3.0 கட்டுப்படுத்தியைத் தெரியாது. இன்டெல் 100 வரிசையிலிருந்து பழைய யுஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தியை எடுத்துவிட்டது, ரைசன் போர்டுகளிலும் அதே கதை. பயோஸ் தன் சொந்தத் திறமையால் கீபோர்டை ஓட்டுகிறது, விண்டோஸ் பொறுப்பேற்ற கணமே இணைப்பு அறுந்துவிடுகிறது. மிக எளிய வழி பிஎஸ்/2 கீபோர்டு. வட்டமான அந்த ஊதா அல்லது இரட்டை நிறத் துளை இன்றைய போர்டுகள் பலவற்றிலும் இருக்கிறது, அதைப் பார்த்து வாங்குங்கள், பழைய இயங்குதளத்தோடு மல்லுக்கட்டும்போது அதன் அருமை தெரியும். இல்லையென்றால் யுஎஸ்பி 3.0 டிரைவரை நிறுவும் வட்டில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

என்விஎம்இ வகை எஸ்எஸ்டி டிஸ்க்கில் போடுவதானால் கேபி2990941 என்ற திருத்தமும் வட்டுக்குள் போக வேண்டும். புதிய டிரைவர்களின் கையொப்பத்தை ஏற்க கேபி4474419 வேண்டும். இவை இல்லாமல் நிறுவிவிட்டு டிரைவர் சரியில்லை என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

சிஎஸ்எம் இல்லாத போர்டில் விண்டோஸ் 7 லோகோவிலேயே நின்றுவிடுகிறது.

64 பிட் விண்டோஸ் 7 யுஇஎஃப்ஐ முறையில் எழும், ஆனால் திரைக்காக இன்னமும் பழைய வீடியோ பயோஸ் இன்டரப்டைக் கூப்பிடும். பதில் வராததால் அங்கேயே நிற்கிறது. யுஇஎஃப்ஐசெவன் என்ற சிறிய நிரல் அந்த இன்டரப்டைப் போலச் செய்து காட்டும், பலருக்கு அதுவே போதுமாக இருக்கிறது. செக்யூர் பூட் அணைந்திருக்க வேண்டும்.

விண்டோஸ் 98?

இதற்குப் புது போர்டு வேண்டாம். உண்மையாகவே சொல்கிறேன். 512 எம்பிக்கு மேல் நினைவகம் இருந்தால் அதன் வட்டுக் கேஷ் குழம்பும், சிஸ்டம் ஐஎன்ஐ கோப்பில் மேக்ஸ்ஃபைல்கேஷ் அளவைக் குறைக்க வேண்டும். 137 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை அதன் டிரைவர் ஒழுங்காகக் கையாளாது. எத்தனை கோர் இருந்தாலும் ஒன்றைத்தான் பயன்படுத்தும். ஒலி, நெட்வொர்க் என்று போர்டில் உள்ள எதற்கும் டிரைவர் கிடைக்காது. இத்தனையும் தாண்டி ஓட வைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பொறுமையை மதிக்கிறேன். ஆனால் உங்களுக்கு 98 அமைதியாக ஓட வேண்டும் என்றால் 2003இல் வந்த இன்டெல் 865 சிப்செட் போர்டு ஒன்றைத் தேடுங்கள், ஏஜிபி (பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்), பிசிஐ, ஐடிஇ, ஃபிளாப்பி எல்லாம் இருக்கும், 98க்கு முறையான டிரைவரும் உண்டு.

டாஸ் மட்டும் போதும். அதற்கு என்ன பார்க்க வேண்டும்?

சிஎஸ்எம் இருந்தால் டாஸ் இன்றைய போர்டிலும் எழும், ஃப்ரீடாஸ் இன்னும் உயிரோடு வளர்கிறது, 1.4 பதிப்பு 2025இல் வந்தது. கீபோர்டுக்கு பயோஸின் யுஎஸ்பி ஆதரவு பெரும்பாலும் போதும். சில விளையாட்டுகள் கீபோர்டு போர்ட்டை நேரடியாகப் படிக்கும், அவற்றுக்கு பிஎஸ்/2தான் நம்பகம்.

ஒலிதான் பெரிய தலைவலி. டாஸ் நிரல்கள் சவுண்ட் பிளாஸ்டரை அதன் முகவரியில் நேரடியாகத் தேடும். இதற்கு எஸ்பிஇஎம்யு என்ற டாஸ் நிரல் வந்திருக்கிறது, போர்டில் உள்ள எச்டி ஆடியோ சிப்பை வைத்துக்கொண்டே சவுண்ட் பிளாஸ்டர் இருப்பது போல நிரல்களை நம்ப வைக்கிறது. பிசிஐ ஒலி கார்டு தேடி அலைவதை விட இதை முதலில் பாருங்கள்.

வேகம் கூடியதாலும் சில நிரல்கள் உடையும். டர்போ பாஸ்கலில் எழுதப்பட்ட பழைய நிரல் தொடங்கியவுடன் ரன்டைம் எரர் 200 என்று சொல்லி நின்றால் மதர்போர்டைக் குறை சொல்லாதீர்கள், அது தாமதக் கணக்கில் வரும் வகுத்தல் பிழை, பிராசஸர் வேகமாக இருப்பதால் வருவது. அந்த நிரல் கோப்பைத் திருத்தும் சிறு கருவிகள் உள்ளன.

சீரியல், பேரலல் போர்ட்கள்?

சீரியல் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பின்னால் துளை இல்லாவிட்டாலும் இன்றைய போர்டுகள் பலவற்றில் காம் என்று எழுதிய சிறிய உலோகப் பின்களின் வரிசை இருக்கும், அதற்கொரு கேபிள் தகடு போதும். ஒரு எச்சரிக்கை: அந்தக் கேபிளில் இரண்டு விதமான இணைப்பு முறை உண்டு, பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தவறான கேபிளோடு எனக்கு ஒரு முழு நாள் போயிருக்கிறது. கையேட்டில் உள்ள பின் வரைபடத்தோடு மல்டிமீட்டர் வைத்துச் சரிபார்த்துவிட்டுச் செருகுங்கள்.

பேரலல் அப்படியல்ல. யுஎஸ்பி பேரலல் கேபிள் பிரிண்டருக்கு மட்டும்தான். மென்பொருள் பூட்டு, சிப் புரோகிராமர், வெட்டும் இயந்திரம் போன்றவை 378 என்ற முகவரியில் பின்களை நேரடியாக ஆட்டும், யுஎஸ்பி கேபிளில் அந்த முகவரியே இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டில் உண்மையான போர்ட் உண்டு, ஆனால் முகவரி வேறாக இருக்கும். மென்பொருளில் முகவரியை மாற்ற முடிந்தால் சரி. முடியாவிட்டால் போர்டிலேயே எல்பிடி (பேரலல்) பின்களின் வரிசை உள்ள மாடலைத் தேட வேண்டும்.

ஃபிளாப்பியும் ஐடிஇ டிஸ்க்கும்?

ஐடிஇ எளிது. இன்டெல் 2006இல் ஐசிஹெச்8 சிப்போடு அதை எடுத்துவிட்டாலும் சாட்டாவாக மாற்றும் சிறு பலகைகள் நன்றாக வேலை செய்கின்றன. ஃபிளாப்பிக்கு யுஎஸ்பி டிரைவ் சாதாரண 3.5 அங்குல வட்டுகளுக்குப் போதும். 5.25 அங்குலம், நகல் தடுப்பு வைத்த வட்டு, கணினி அல்லாத இயந்திரங்களின் வட்டு என்றால் அது படிக்காது. அவற்றுக்கு கிரீஸ்வீசல் என்ற பலகை இருக்கிறது, பழைய ஃபிளாப்பி டிரைவை யுஎஸ்பி வழியாக இணைத்துக் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும். பழைய வட்டுகள் வைத்திருப்பவர்கள் மதர்போர்டு தேடுவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள், போர்டு நாளைக்கும் கிடைக்கும், அந்த வட்டு நாளைக்குப் படிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

தொழிற்சாலை போர்டு என்கிறார்களே, அது வாங்கலாமா?

வேலை அதை நம்பி இருக்கிறது என்றால் கட்டாயம். அட்வான்டெக், டிஎஃப்ஐ, ஐபேஸ் போன்ற தயாரிப்பாளர்கள் பிசிஐ ஸ்லாட்கள், நிறைய சீரியல் போர்ட்கள் கொண்ட ஏடிஎக்ஸ் போர்டுகளைப் புதிதாகவே விற்றுவருகிறார்கள். ஒரே மாடல் பல வருடம் மாறாமல் கிடைக்கும், பயோஸ் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். விலை வீட்டு போர்டை விடப் பல மடங்கு. அந்த விலைக்கு நீங்கள் வாங்குவது வேகத்தை அல்ல, பத்து வருடம் கழித்து அதே போர்டு இன்னொன்று கிடைக்கும் என்கிற நிம்மதியை. ஆனால் எக்ஸ்பி டிரைவர் இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள், பிசிஐ ஸ்லாட் இருப்பதால் எக்ஸ்பியும் ஓடும் என்று அர்த்தமாகாது.

பழைய போர்டைப் பயன்படுத்தியவரிடமிருந்து வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா, சாக்கெட்டின் பின்கள் வளைந்திருக்கின்றனவா. அப்புறம் நான்கைந்து மணி நேரம் நினைவகச் சோதனை. நம்பகமாக ஓடுகிறது என்று தெரிந்தால் அதே மாடலில் இரண்டாவது ஒன்றையும் வாங்கி வையுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பவர் சப்ளையில் ஏதாவது மாற்றம் உண்டா?

உண்டு, யாரும் கவனிப்பதில்லை. சில பிசிஐ, ஐஎஸ்ஏ கார்டுகளுக்கு மைனஸ் 12 வோல்ட் வேண்டும், சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளையில் அது இன்னும் வருகிறது. 12 வோல்ட் மட்டுமே தரும் ஏடிஎக்ஸ்12விஓ சப்ளையில் அது இல்லை. மைனஸ் 5 வோல்ட் பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டது, பழைய ஐஎஸ்ஏ கார்டு சில அதைக் கேட்கும்.

இதெல்லாம் வேண்டாம், மெய்நிகர் கணினியில் ஓட்டிவிடலாமா?

கார்டு எதுவும் இல்லை என்றால் அதுதான் என் முதல் ஆலோசனையும். டாஸ் விளையாட்டுக்கு டாஸ்பாக்ஸ், 98 காலத்து முழுக் கணினிக்கு 86பாக்ஸ், எக்ஸ்பிக்கு விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது க்யூஇஎம்யு. கார்டு இருந்தாலும் க்யூஇஎம்யுவில் ஒரு பிசிஐ கார்டை அப்படியே உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்குக் கொடுத்துவிட முடியும், இன்டெலில் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ எனப்படும் ஐஓஎம்எம்யு வசதி போர்டில் இருக்க வேண்டும். ஒரே பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள எல்லா பிசிஐ கார்டுகளும் ஒரே குழுவாகத்தான் போகும், அதில் ஒன்றை மட்டும் பிரித்துக் கொடுக்க முடியாது.

வெறும் 16 பிட் விண்டோஸ் நிரல் ஒன்றுதான் பிரச்சினை என்றால் இன்னும் எளிது. 64 பிட் விண்டோஸ் எதிலும் அவை ஓடாது, 32 பிட் விண்டோஸ் 10இல் ஓடும். விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது, அதனால் அதையும் இணையத்தோடு சேர்க்காமல் வையுங்கள்.

எக்ஸ்பி கணினியை நெட்வொர்க்கில் இணைக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

எக்ஸ்பிக்கு வழக்கமான திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. நேரடியாக இணையத்தில் விடவே கூடாது. போர்டில் உள்ள நெட்வொர்க் சிப்புக்கு எக்ஸ்பி டிரைவர் இருக்காது, இன்டெல் 82574எல் சிப் கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுக்கு இருக்கிறது, அதைப் போடுங்கள். அந்தக் கார்டிலிருந்து ஒரு கேபிள், மறுமுனையில் இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள ஒரு லினக்ஸ் கணினி, கோப்புகள் அந்த லினக்ஸ் கணினியின் ஒரே ஒரு கோப்புறைக்கு மட்டும் போகட்டும், இரண்டு போர்ட்களுக்கும் இடையே போக்குவரத்தைத் திருப்பிவிடும் வசதி அணைந்தே இருக்கட்டும்.

போர்டை ஆர்டர் செய்வதற்கு முன் கடைசியாக எதைப் பார்ப்பது?

தயாரிப்பாளர் தளத்திலிருந்து கையேட்டை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் பிளாக் வரைபடம் இருந்தால் உங்கள் ஸ்லாட்டிலிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், சிப்செட்டில் முடிகிறதா, நடுவில் ஒரு பிரிட்ஜ் பெட்டி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பூட் பகுதியில் சிஎஸ்எம் என்ற சொல்லைத் தேடுங்கள். டிரைவர் பக்கத்தில் உங்கள் இயங்குதளத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். போர்டு வந்ததும் அதன் பயோஸ் பதிப்பு எண்ணை எழுதி வைத்து, அந்தக் கோப்பின் நகலையும் சேமித்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்றால் காரணமில்லாமல் பயோஸைப் புதுப்பிக்காதீர்கள்.